மாதக்கடைசி நெருக்கடி: வீடு விற்பனை வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பில்டர் கம்பெனிகளில் அடுக்குமாடி வீடு விற்கும் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ்கள், அவர்களை மேய்க்கும் டீம் லீடர்கள் ஆகியோருக்கானது இந்தப் பக்கம். டார்கெட் எப்படி அடிப்பது என்று சொல்லித்தரும் பயிற்சி ஊரெல்லாம் நடக்கிறது. மாதாமாதம் 25ஆம் தேதிக்கு மேல் ஏன் மூச்சு முட்டுகிறது, அதை எங்கே தளர்த்தலாம் என்பது மட்டுமே இங்கே.

கேள்வி: ஒவ்வொரு மாதமும் கடைசி வாரம் இரவு பத்து மணி வரை ஆபீசில்தான். நான் மந்தமா, அல்லது டார்கெட்டே அதிகமா?

முதலில் போன மாதக் கடைசி வாரத்தில் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். புது வாடிக்கையாளரைச் சம்மதிக்க வைத்த நேரம் அதில் சொற்பமாகத்தான் இருக்கும். பாக்கியெல்லாம் பேங்குக்கு விட்டுப்போன ஸ்டேட்மென்ட், பெயர்த் திருத்தம், பேங்கின் டிடி (டிமாண்ட் டிராஃப்ட்) எப்போது வரும் என்ற விசாரணை, தள்ளுபடிக்கு மேலிடத்து ஒப்புதல், பதிவு அலுவலக டோக்கன் என்றுதான் நிற்கும். ஆக, கடைசி வாரத்தில் நெரிசல் படுவது ஆட்கள் அல்ல, ஃபைல்கள். முதல் பத்து நாளில் ஒரு மணி நேரம் கேட்ட வேலையைக் கடைசி மூன்று நாளில் செய்தால் ஆறு மணி நேரம் கேட்கும். அதே வாரத்தில் பேங்கிலும் கூட்டம், பதிவு அலுவலகத்திலும் கூட்டம், உங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் கூட்டம்.

அந்தத் தாளில் புது ஆட்களுக்கான போன் கால்களே நிரம்பியிருந்தால், அது வேறு நோய். அதற்கு ஆறாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: 30ஆம் தேதிக்குள் பதிவு முடிந்து கணக்கில் ஏற வேண்டும் என்றால் புக்கிங் எப்போது வந்திருக்க வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். கட்டி முடித்த வீடு, சம்பளக்காரர், பேங்க் லோன் என்று வைத்துக்கொள்வோம். ஆவணம் சேர்த்து லோன் லாகின் ஆக, அதாவது விண்ணப்பம் பேங்க் சிஸ்டத்தில் ஏற, இரண்டு வேலை நாள். சாங்ஷன் லெட்டர் வர ஐந்து முதல் ஏழு. வக்கீல் கருத்தும் இன்ஜினியர் மதிப்பீடும் ஒரே நேரத்தில் ஓடினாலும் நான்கைந்து. கிரயப் பத்திர நகல் எழுதி, இரு தரப்பும் படித்து, பேங்க் வக்கீலும் தலையாட்ட இரண்டு மூன்று. டிடி எடுக்க இரண்டு. கூட்டினால் பதினைந்திலிருந்து பத்தொன்பது வேலை நாள் வருகிறது. ஞாயிறுகளையும், பேங்க் மூடும் இரண்டாம் நான்காம் சனிக்கிழமைகளையும் சேர்த்தால் காலண்டரில் அது மூன்று வாரத்தை ஒட்டி வரும், தாண்டவும் செய்யும். ஆகவே 8ஆம் தேதிக்குப் பிறகு வரும் லோன் புக்கிங்கை அந்த மாதப் பதிவில் எழுதுவது ஆசை, கணக்கு அல்ல.

இதில் குறைக்க முடிந்த இடம் ஒன்று உண்டு. உங்கள் புராஜெக்டுக்கு எந்தெந்த பேங்க் ஏற்கெனவே ஏ.பி.எஃப். (புராஜெக்ட் ஆவணங்களை முன்பே பார்த்துத் தரும் ஒப்புதல்) கொடுத்திருக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அந்த பேங்குகளில் தாய்ப்பத்திரம், அனுமதி வரைபடம் எல்லாம் பார்த்து முடித்திருப்பதால் வக்கீல் பகுதி வெகுவாகச் சுருங்கும். வாடிக்கையாளர் தன் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்கில்தான் லோன் என்று பிடிவாதம் பிடித்து, அந்த பேங்க் பட்டியலில் இல்லாவிட்டால், பதிவு அடுத்த மாதம் என்று அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொன்னால் அது திட்டம். 29ஆம் தேதி சொன்னால் சாக்கு.

கேள்வி: காலாண்டுக் கடைசியில் மட்டும் நல்ல வாடிக்கையாளர்கூட 'கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாமே' என்கிறார். ஏன்?

கம்பெனி ஏப்ரலிலிருந்து மார்ச் வரை எண்ணுகிறது. வாடிக்கையாளர் வீட்டுப் பெரியவர் பஞ்சாங்கத்தை எண்ணுகிறார். வாஸ்து நாள் வருவது வருடத்தில் எட்டு மாதங்களில்தான்: சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கிலும் கிடையாது. பல வீடுகளில் இந்த நான்கில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், அதை ஒட்டிப் பதிவையும் தள்ளச் சொல்வார்கள். இப்போது கம்பெனியின் காலாண்டு முடிவுகளைப் பக்கத்தில் வையுங்கள். ஜூன் 30 ஆனியில் விழுகிறது. செப்டம்பர் 30 புரட்டாசி, டிசம்பர் 31 மார்கழி, மார்ச் 31 பங்குனி. நான்கும் கச்சிதமாக அந்த நான்கு மாதங்களில்!

ஆடி இன்னொரு தொல்லை. அதில் வாஸ்து நாள் உண்டு, ஆனாலும் ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கவே பலர் தயங்குவார்கள். ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடு வரை போகும் இந்த ஒரு மாதம், ஜூலை–செப்டம்பர் காலாண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ஆகவே பஞ்சாங்கம் பார்க்கும் குடும்பத்துக்கு உண்மையான கெடு 30 அல்ல. வைகாசி முடியும் ஜூன் 14 வாக்கில், ஆவணி முடியும் செப்டம்பர் 16 வாக்கில், கார்த்திகை முடியும் டிசம்பர் 15 வாக்கில், மாசி முடியும் மார்ச் 14 வாக்கில். காலாண்டின் கடைசி மாதத்தில் முதல் பாதியைப் பதிவுக்கும், பின்பாதியைப் பஞ்சாங்கம் பார்க்காதவர்களுக்கும் லோன் வேலைக்கும் என்று பிரித்து வைத்தால் கடைசி வாரம் பாதியாக இளகும். பஞ்சாங்கம் பார்க்காதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று ஊகிக்காமல், முதல் சைட் விசிட்டிலேயே 'வீட்டில் நாள் பார்ப்பீர்களா?' என்று கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: நல்ல நாளில் டோக்கன் கிடைப்பதில்லையே?

முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் விடுகிறது. வழக்கமாக ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு 100 என்பது 150 ஆகும். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் 200 என்பது 300 ஆகும். கூட்டம் அதிகமுள்ள அலுவலகங்களில் தட்கல் டோக்கன் 12க்கு மேல் இன்னும் 4 சேரும். அறிவிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னால்தான் வரும். அதை நம்பி உட்காராமல் பத்திர நகலைப் பதிவுத்துறைத் தளத்தில் ஏற்றித் தயாராக வைத்திருப்பவருக்குத்தான் அந்தக் கூடுதல் டோக்கன் பயன்படும்.

நாளை மட்டும் பார்த்து நேரத்தை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். 10.45 டோக்கன் எடுத்துவிட்டு, வாடிக்கையாளரின் மாமனார் அலுவலக வாசலில் 'பன்னிரண்டுக்கு மேல் கையெழுத்துப் போடலாம்' என்று நிற்கும்போது விழிக்க வேண்டியிருக்கும். மற்ற நாட்களின் ராகு காலம்: திங்கள் 7.30–9, சனி 9–10.30, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, செவ்வாய் 3–4.30. அலுவலக நேரத்துக்குள் ராகு காலம் வராத வேலை நாள் திங்கள் ஒன்றுதான். எமகண்டம் பார்ப்பவர்களும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக இருந்த ஃபைல் கடைசி இரண்டு நாளில் உடைகிறது. எங்கே உடைகிறது?

பெரும்பாலும் ஐந்தாறு இடங்களில்தான். திரும்பத் திரும்ப அதே இடங்கள்.

முதலாவது இனிஷியல். நம் ஊருக்கே உரிய தலைவலி. ஆதாரில் 'முருகன் சு' என்று இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்து 'சுப்பிரமணியன் முருகன்' ஆகியிருக்கும். பேங்க் கணக்கில் 'எஸ்.முருகன்'. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், பேங்க் சிஸ்டத்துக்குத் தெரியாது. கார்டைத் திருத்த வாரக்கணக்கில் ஆகலாம். மூன்று பெயரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழியைப் பல பேங்குகள் ஏற்கும். அது ஒருநாள் வேலை. ஆனால் ஏற்குமா என்று 28ஆம் தேதி கேட்கக் கூடாது. புக்கிங் நாளன்று காபி வருவதற்குள் ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மனைவி இணை விண்ணப்பதாரர் என்றால், கல்யாணத்துக்கு முன் எடுத்த பான் கார்டில் அப்பா பெயரும் ஆதாரில் கணவர் பெயரும் இருக்கும். அதையும்.

இரண்டாவது கைப்பணம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% தான் உச்சவரம்பு. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் பொதுவாக இந்த மதிப்பில் சேராது. 80 லட்சத்துக்குக் கட்டி முடித்த புது வீடு என்று வைத்தால், கடன் 64 லட்சம், சொந்தப் பணம் 16 லட்சம் என்று வாடிக்கையாளர் மனதில் நிற்கும். தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டு மதிப்பு முறையில் (நிலப்பங்கு, கட்டடம் இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பாக எடுப்பது), 50 லட்சம் முதல் 3 கோடி வரையிலான அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத்தாள் 5%, பதிவு 2%. அதாவது இன்னும் 5.6 லட்சம். கட்டி முடிக்காத வீடானால் ஜி.எஸ்.டி. 5% வேறு. இந்த 5.6 லட்சம் எங்கிருந்து வரும் என்று முதல் வாரமே கேட்காத ஃபைல்தான் கடைசி வாரம் 'எஃப்.டி. உடைக்க வேண்டும், ஊரிலிருந்து அண்ணன் அனுப்ப வேண்டும்' என்று தொங்கும். காஸ்ட் ஷீட்டில் பேங்க் தருவது ஒரு வரி, கையிலிருந்து போவது ஒரு வரி என்று கையால் எழுதிக் கொடுங்கள். அச்சடித்த ஷீட்டை யாரும் இப்படிப் பிரித்துப் படிப்பதில்லை.

மூன்றாவது டிடிஎஸ். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1% பிடித்து வருமான வரித் தளத்தில் கட்ட வேண்டும். முழுத்தொகையையும் பில்டருக்கே அனுப்பிவிட்டால் அக்கவுண்ட்ஸில் கணக்கு நேராகாது, பாக்கியில்லை என்ற கடிதம் வராது, பதிவு நிற்கும். கணவன், மனைவி இருவர் பெயரில் வாங்கினால் இருவரும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். முதல் தவணைக்கு முன்பே ஒரு பக்கக் குறிப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நான்காவது வெளிநாட்டு வாடிக்கையாளர். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்துப் பதிவு செய்வார். அங்கே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி, பிறகு கூரியர், இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம். தூதரக அப்பாயின்ட்மென்ட்டே வாரக்கணக்கில் தள்ளும். இந்த ஃபைலை நடப்பு மாதக் கணக்கில் எழுதவே எழுதாதீர்கள்.

பதிவு அலுவலகத்துக்குள் போன பிறகும் சில உண்டு. ஆதாரோடு இணைத்த நம்பர் உள்ள போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். வயதானவர்களின் கைரேகை விழாது. ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள், கருவிழிப் பதிவு உண்டா என்றும் முன்பே விசாரியுங்கள். சாட்சிகள் இருவர் அடையாள அட்டையோடு வர வேண்டும். நில உரிமையாளர் சார்பில் பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுவதானால், உரிமையாளர் உயிரோடிருப்பதற்கான சான்று கேட்பார்கள். பழைய தேதி செல்லாது. பில்டரின் சட்டப்பிரிவு இதை மறப்பது புதிதல்ல.

கேள்வி: டார்கெட்டை எப்படிப் பிரிப்பது?

கடைசி மூன்று மாதத்தில் நீங்கள் காட்டிய சைட் விசிட் எத்தனை, வந்த புக்கிங் எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். டீமின் சராசரி வேண்டாம், உங்களுடையது. பன்னிரண்டு விசிட்டுக்கு ஒரு புக்கிங் என்று வந்தால், மூன்று புக்கிங் டார்கெட்டுக்கு முப்பத்தாறு விசிட். அதை நான்கு வாரத்துக்குச் சமமாக ஒன்பது ஒன்பதாகப் பிரிக்காதீர்கள். முதல் வாரம் பதினான்கு, இரண்டாவது பன்னிரண்டு, மூன்றாவது ஏழு, கடைசி மூன்று என்று முன்கனமாக வையுங்கள். கடைசி வார விசிட்டுகள் உண்மையில் அடுத்த மாதத்தின் புக்கிங். இந்தப் பிரிப்பை விதிபோல் பிடிக்க முடியாது. முதல் வாரத்தில் பொங்கலோ தீபாவளியோ வந்தால் ஊரே காலியாகும்.

கேள்வி: 'எப்படியாவது நம்பர் காட்டு' என்று மேனேஜர் 30ஆம் தேதி இரவு நெருக்குகிறார். தெரிந்தவர் பெயரில் டோக்கன் அட்வான்ஸ் போட்டு, பிறகு கேன்சல் செய்யலாமா?

வேண்டாம். கையிலிருந்து பணம் போட்டு டம்மி புக்கிங் ஏற்றுவது இந்தத் தொழிலில் ஊரறிந்த பழக்கம். கேன்சலில் பிடித்தம் போனால் நஷ்டம் உங்களுக்கு. அடுத்த மாதம் மைனஸ் ஒன்றில் ஆரம்பிப்பீர்கள். அந்த வீடு 'விற்றது' என்று காட்டியிருப்பதால் உண்மையான வாடிக்கையாளருக்குக் காட்டவும் முடியாது. நெருக்கடி மாதாமாதம் திரும்புவதற்கு முதல் காரணமே அடுத்த மாதத்திடம் வாங்கும் இந்தக் கடன்தான்.

இன்னொரு நெருக்கலும் வரும்: 'இருபது சதவீதம் வாங்கினால்தான் கணக்கில் எடுப்போம்.' ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10%க்கு மேல் வாங்கக் கூடாது. இதை எதிர்ப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. 'சார், பத்து வாங்கியாச்சு, ஒப்பந்தம் 4ஆம் தேதி பதிவு, அன்றைக்கே மீதி' என்று தேதியோடு ஒரு மெயில் போடுங்கள். போனில் சொன்னது நிற்காது.

கேள்வி: கடைசி வாரத் தள்ளுபடியைச் சொல்லித் தள்ளலாமா?

ஒருமுறை செய்தால் அந்த வாடிக்கையாளரும் அவர் தெரிந்தவர்களும் 28ஆம் தேதிக்குத்தான் இனி போன் எடுப்பார்கள். சலுகை உண்டென்றால் 15ஆம் தேதியோடு முடியும் சலுகையாகக் கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் வாயில் வரும் வாக்குறுதிதான் இதைவிட ஆபத்து: தீபாவளிக்குச் சாவி, கார் பார்க்கிங் இலவசம், எதிரே பார்க் வரும். ரெராவின் 12ஆம் பிரிவு, தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. எழுத்தில் கொடுக்க முடியாததைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: உடம்பு தாங்கவில்லை. அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடப்பது?

சில விஷயங்களை முன்கூட்டியே முடித்து வைத்தால் போதும். கடைசி வாரத்தில் பைக்கில் ஓ.எம்.ஆரில் இரவு பதினொன்றுக்குத் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. அந்த ஐந்து நாள் பஸ்ஸோ ரயிலோ ஷேர் கேப்போ பாருங்கள், செலவைக் கம்பெனியிடம் கேளுங்கள். கத்திரி வெயிலில் சைட் விசிட்டை 11 மணிக்கு முன்பும் 4 மணிக்குப் பின்பும் வையுங்கள். லிப்ட் ஓடாத கட்டடத்தில் ஏழாவது மாடிக்கு மதியம் ஏறினால் வாடிக்கையாளருக்கும் வீடு பிடிக்காது. மதியச் சாப்பாட்டை டீக்கடை பஜ்ஜியில் முடித்தால் நான்கு மணிக்குக் குரலே எழும்பாது. போனை இரவு 9க்கு மேல் மேனேஜர், பேங்க் ஆள், அன்றைய பதிவு வாடிக்கையாளர் மூவருக்கு மட்டும் சத்தம் வருமாறு வைக்கலாம்.

தூக்கமே இல்லை, காலையில் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, இது மாதம் முடிந்தும் தீரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: வார விடுப்பே கிடைப்பதில்லை.

ஞாயிறு விற்பனை நாள், திங்கள் ரிவ்யூ மீட்டிங். ஆக செவ்வாய் அல்லது புதன்தான் நடைமுறையில் விடுப்பு. கடைசி வார விடுப்பு போகும் என்று தெரிந்தால், அதற்கு ஈடான நாளை அந்த மாதமே, தேதி குறித்து, எழுத்தில் கேளுங்கள். 'அப்புறம் எடுத்துக்கோப்பா' என்ற விடுப்பு வந்ததில்லை. டீமில் இருவர் ஜோடி சேர்ந்து ஒருவர் ஃபைலை மற்றவர் பார்க்கிற ஏற்பாடு இருந்தால்தான் இது நடக்கும். அதற்கு ஃபைலின் நிலை உங்கள் தலையில் இல்லாமல் தாளில் இருக்க வேண்டும்.

கேள்வி: வேலையை விட்டுவிடலாமா?

மூன்று மாதம் மேலே சொன்னபடி செய்தும் கடைசி வாரம் அப்படியே இருந்தால், காரணம் உங்களிடம் இல்லை. புராஜெக்டில் அனுமதிச் சிக்கல், விலை அக்கம்பக்கத்தைவிட அதிகம், லீடே (வீடு தேடுபவர்களின் விசாரிப்பு) வருவதில்லை, மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். விலகும் முன் இன்சென்டிவ் எப்போது கணக்காகிறது என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். புக்கிங்கிலா, ஒப்பந்தத்திலா, பதிவிலா? பல இடங்களில் சம்பளப் பட்டியலில் இருந்தால்தான் தருவார்கள். நிலுவையில் உள்ள வீட்டு எண், பதிவுத் தேதி, தொகை மூன்றையும் பட்டியலிட்டு மெயிலில் உறுதி வாங்கிவிட்டு ராஜினாமாவைக் கொடுங்கள்.

கேள்வி: மாதம் முடிந்த மறுநாள் என்ன செய்வது?

எல்லோரும் அன்று சோர்ந்து கிடப்பார்கள், நீங்களும் மதியம் வரை தூங்கலாம். மாலையில் அரை மணி நேரம் மட்டும் ஒதுக்குங்கள். பதிவாகாமல் தங்கிய ஃபைல் ஒவ்வொன்றின் மேலும் எது நிற்கிறது, யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்று மூன்று விஷயத்தைப் பென்சிலில் எழுதுங்கள். பிறகு புது மாதத்தின் காலண்டர் தாளில் முகூர்த்த நாட்களையும், இரண்டாம் நான்காம் சனிக்கிழமைகளையும், 8ஆம் தேதியையும் வட்டம் போட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.